பேசாப் படத்தின் நகையும் கலைவாணர் நகையும்

கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனைப் பற்றி எழுதுவோர் பலர் அவரை 'இந்தியாவின் சார்லி சாப்ளின்' என்று சிறப்பித்தே தொடங்குவர். மேடையிலும் ஏட்டிலும் நெடுநாள் வழங்கிவரும் இப்பட்டம் அன்பினால் எழுந்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அன்பினால் எழுந்த சொற்களும் ஆராய்ச்சிக்கு உரியனவே. சாப்ளின் வாய் திறவாது உலகைச் சிரிக்க வைத்தவர். கலைவாணரோ வாய் திறந்த பின்னரே தமிழகத்தைச் சிரிக்க வைத்தவர். ஒருவரை மற்றொருவர் பெயரால் அழைக்கும்போது, அழைக்கப்படுபவருடைய கலை எங்கிருந்து வந்தது என்பதை நாம் மறந்துவிடுகிறோம் அல்லமோ? இவ்வையமே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய் ஆயிற்று.

இதனோடு ஒட்டி மற்றொரு வினாவும் எழுகின்றது. தமிழகத்தில் பேசாப் படங்கள் ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக எடுக்கப்பட்டன. அக்காலத்தே நகைச்சுவைக்கென்றே நிலைத்த பெயர் பெற்ற தமிழ் நடிகர் ஒருவரையேனும் நாம் சுட்டிக் காட்ட இயலவில்லை. பம்பாயிலே நூர் முகமது என்னும் குசராத்தி நாட்டு இளைஞர் பேசாப் படத்தின் இறுதிக் காலத்தில் நடிக்கப் புகுந்து, சாப்ளினைப் போன்றே மீசையும் நடையும் கொண்டு, 'சார்லி' என்பதனைத் தம் பெயரோடே ஒட்ட வைத்துக்கொண்டார். அத்தகைய ஒருவர் சென்னையில் தோன்றவில்லை. ஆனால் பேசும்படம் வந்த ஐந்தாறு ஆண்டுகளுக்குள், நகைச்சுவை நடிகர் ஒருவர் பெயரைச் சொன்னால் கொட்டகை நிரம்பும் என்னும் நிலை இங்கு ஏற்பட்டுவிட்டது. இது ஏன் என்று காணல் வேண்டும்.

நகையும் மெய்யும்

தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டனுள் நகையை முதற்கண் வைத்தார். அது தோன்றும் நிலைக்களன்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கினைக் கூறினார். உரையாசிரியர்கள் கருத்துப்படி, மெய்ப்பாடாவது உள்ளத்தே நிகழ்வது உடம்பின்வழி வெளிப்பட்டுக் காண்போருக்குப் புலனாதல். ஆராய்ந்து பார்த்தறிய வேண்டாமல், கண்ட அளவிலே விளங்குவது அது. இவ்விலக்கணம் நாடகத்தையும் செய்யுளையும் நோக்கி எழுந்ததே எனினும், பேசாப் படத்துக்கு இதனினும் பொருத்தமான விளக்கத்தை நாம் வேறெங்கும் கண்டிலேம். ஒலியில்லாத திரையில் நடிகனுக்கு மெய் ஒன்றே கருவி. அவன் உள்ளத்தே நிகழ்வதெல்லாம் புருவத்தினும் தோளினும் காலினும் புலப்பட்டே ஆகவேண்டும்.

நான்கு நிலைக்களன்களுள் எள்ளல் என்பதற்கு இருமுகம் உண்டு. தான் பிறரை எள்ளுவதும் நகைக்கு நிலம். பிறரால் தான் எள்ளப்படுவதும் நகைக்கு நிலம். பேதைமை அறியாமை. மடன் என்பது பிறர் கொளுத்தியதைக் கொண்டு, கொண்டதனை விடாது நிற்கும் இயல்பு. இவற்றை இங்கு விரித்துரைத்தற்குக் காரணம் உண்டு. சாப்ளினுடைய நகை பெரிதும் எள்ளப்படுதலிலும் பேதைமையிலும் மடனிலும் வேர்கொண்டது. கலைவாணர் நகை பெரிதும் எள்ளுதலில் வேர்கொண்டது. இவ்வேறுபாட்டினை நினைவிற் கொண்டு மேற்செல்வோம்.

வாய்பேசாத் திரையும் பேசிய விளக்குநரும்

திருச்சிராப்பள்ளியில் இருப்புப்பாதைப் பணியில் இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905ஆம் ஆண்டு தூப்பான் என்னும் பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக்கருவியையும் சில படச்சுருள்களையும் விலைக்கு வாங்கி, கூடாரமிட்டு ஊர் ஊராகப் படங்காட்டத் தொடங்கினார். அவற்றுள் இயேசு பெருமான் வாழ்க்கைப் படம் ஒன்று. அதன் பின்னர், மோட்டார் உதிரிப்பொருள் வாணிகம் செய்துவந்த ஆர். நடராஜ முதலியார், 1917ஆம் ஆண்டை ஒட்டிக் 'கீசக வதம்' என்னும் படத்தினைச் சென்னையில் எடுத்தார். தென்னாட்டில் எடுக்கப்பெற்ற முதற் கதைப்படம் இதுவே என்பர். இலண்டன் சென்று தொழில் கற்று வந்த ஆர். பிரகாஷ், 1929இல் ஜெனரல் பிக்சர்ஸ் நிறுவனத்தைத் தொடங்கிய ஏ. நாராயணன், பம்பாயில் உடற்பயிற்சி வீரராகவும் நடிகராகவும் புகழ் பெற்றுத் திரும்பிய பி. கே. ராஜா சாண்டோ ஆகியோர் அவர்க்குப் பின் வந்தவர்கள். படங்களிற் பெரும்பாலானவை புராணக் கதைகள். 1930இல் ராஜா சாண்டோ இயக்கிய 'பேயும் பெண்ணும்' போன்ற சமூகக் கதைகள் சிலவே.

அக்காலக் கொட்டகையில் திரைதான் பேசவில்லை. கொட்டகை வாளா இருந்ததில்லை. திரையின் அருகே ஒருவர் நின்று கதையை உரக்க விளக்கிச் சொல்வார். இடையிடையே தோன்றும் எழுத்து அட்டைகளை அவரே படித்துக் காட்டுவார். எழுத்தறியாதார் மிகுந்த அவையில் இது இன்றியமையாததாயிற்று. சண்டை வந்தால் அவரும் முழங்குவார். காதல் வந்தால் குழைவார். இடைவேளைகளில் நடனமும் பிற வேடிக்கைகளும் மேடையில் நடந்தன. எனவே தமிழ் மக்கள் பேசாப் படத்தை ஒருநாளும் பேசாப் படமாகக் கண்டிலர் என்றே கூறலாம். மேனாட்டிலிருந்து வந்த எட்டிபோலோவின் வீரத் தொடர்களையும் சாப்ளினின் குறும்படங்களையும் கூட அவர்கள் தமிழ்க்குரல் ஒன்றின் துணையோடே கண்டனர்.

மெய்யால் மட்டும் சிரிப்பூட்டும் நடிகன் இங்குத் தோன்றாமைக்கு இது முதற் காரணம் என்பது நம் கருத்து. சிரிப்பூட்டும் பணியை விளக்குநர் எடுத்துக்கொண்ட இடத்தில், திரையில் உள்ளவன் தன் உடம்பைக் கொண்டு அப்பணியைச் செய்யத் தேவை நேரவில்லை. இரண்டாவது காரணம், சாப்ளினுக்கு முன் இலண்டனில் இருந்தது போன்றதொரு ஊமைக்கூத்துப் பள்ளி இங்கு இல்லாமை. அதனைச் சிறிது விளக்கவேண்டும்.

சாப்ளின் கற்ற பள்ளி

சார்லசு சாப்ளின் 1889 ஏப்பிரல் 16ஆம் நாள் பிறந்தார். தந்தையும் தாயும் இலண்டன் இசையரங்குகளிற் பாடுவோர். தந்தை குடியால் அழிந்தார்; தாய் மனநலம் கெட்டு மருத்துவமனை புகுந்தார். ஏழு வயதிலே சாப்ளின் ஏழையர் விடுதிக்கு அனுப்பப்பட்டார். இவ்வறுமைக் கதையைப் பலரும் எழுதியுள்ளமையின் நாம் நீட்டவில்லை. நமக்கு வேண்டுவது 1908இல் அவர் பிரெடு கார்னோ என்பவருடைய குழுவிற் சேர்ந்த செய்தி. கார்னோவின் குழு சொல் இல்லாமலே, அல்லது மிகச் சில சொற்களுடன், கூத்துகளை நடத்திய குழு. விழுவது எப்படி, விழாமல் தடுமாறுவது எப்படி, அடி வாங்கியவன் எத்தனை நொடி கழித்துத் திரும்பிப் பார்த்தால் சிரிப்பு வரும் என்பனவற்றை எல்லாம் ஆண்டுக்கணக்கில் பயிற்றிய பள்ளி அது. சாப்ளினுக்குப் பின் பெரும்புகழ் பெற்ற இசுடான் லாரலும் அங்கே பயின்றவரே.

அமெரிக்கப் பயணத்தின்போது கீசுடன் நிறுவனத்தார் சாப்ளினை அழைத்துக்கொண்டனர். 1914ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே இறுகிய சட்டை, தொளதொளத்த கால்சட்டை, பெரிய காலணி, சிறிய தொப்பி, பிரம்பு, அரும்புமீசை ஆகியவற்றோடு அந்நாடோடி திரையில் தோன்றிவிட்டான். இரண்டே ஆண்டில் சாப்ளினுடைய ஆண்டு ஊதியம் 6,70,000 டாலர் ஆயிற்று. 'தி கிட்' (1921), 'தி கோல்டு ரஷ்' (1925), 'தி சர்க்கஸ்' (1928) எனப் பெரும்படங்கள் தொடர்ந்தன. பேசும்படம் வந்து நான்காண்டு கழிந்த பின்னும், 1931இல் வெளிவந்த 'சிட்டி லைட்ஸ்' படத்தில் அவர் இசையை மட்டும் சேர்த்துக்கொண்டு பேச்சை விலக்கினார். அந்நாடோடி ஆங்கிலம் பேசத் தொடங்கினால், ஆங்கிலம் அறியாதார்க்கு அவன் அயலான் ஆகிவிடுவான் என்பதனை அவர் உணர்ந்திருந்தார். 1936இல் வந்த 'மாடர்ன் டைம்ஸ்' படத்தில் ஒரே ஒரு முறை அவன் வாய் திறந்து பாடுகிறான். பாட்டின் சொற்களோ எம்மொழியிலும் பொருள் இல்லாதவை. 1940இல் வந்த 'தி கிரேட் டிக்டேட்டர்' படத்தில்தான் சாப்ளின் முழுமையாகப் பேசினார். பேசிய அப்படத்துக்குப் பின் நாடோடி திரும்பவில்லை.

அந்நாடோடியைச் சிறிது நோக்குவோம். எல்லாரும் அவனை எள்ளுகின்றனர். அவனோ தன்னை ஒரு கனவானாகவே கருதிக்கொண்டு தொப்பியைத் தூக்கி வணங்குகிறான். இஃது எள்ளப்படுதல். ஆணியைத் திருகும் வேலையை ஆலையில் நாளெல்லாம் செய்துவிட்டு, வெளியே வந்தும் கண்டதை எல்லாம் திருகப் பாய்கிறான். கொண்டது விடாமை ஆகிய மடனுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு உண்டோ? மெய்ப்பாட்டியலைச் சாப்ளின் படித்திருக்க முடியாது. எனினும் நகையின் நிலைக்களன்கள் நாடு மாறினும் மாறா என்பது இதனால் தெளிவாகின்றது.

நாஞ்சில் நாட்டிலிருந்து

இனிக் கலைவாணரிடம் வருவோம். அவர் 1908 நவம்பர் 29ஆம் நாள் நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியிற் பிறந்தார். சாப்ளின் கார்னோ குழுவிற் சேர்ந்த ஆண்டும் அதுவே. தந்தையார் சுடலைமுத்துப் பிள்ளை, தாயார் இசக்கியம்மாள். தொடக்கக் கல்விக்கு மேற் படிக்க வறுமை இடந்தரவில்லை. நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்றும், சிறு கடைகளில் வேலை பார்த்தும் சிறுவர் வளர்ந்தார். இளமை வறுமை என்னும் ஒன்றில்தான் இவ்விருவரும் உண்மையாகவே ஒத்தவர்.

நாஞ்சில் நாடு வில்லுப்பாட்டின் தாயகம். கோயிற்கொடை நாட்களில் வில்லின் நாணைக் கோலால் தட்டிக் கதை பாடுவோர், கதையை நிறுத்தி அவையோரை நோக்கி நகையாடுவதும், உடன் பாடுவோர் குறுக்கே கேள்வி கேட்பதும், அதற்கு விடை சொல்வதும் அக்கலையின் உயிர்நிலைகள். சிறுவயதிலேயே கிருஷ்ணன் இதிற் பழகினார். 1920களின் நடுவில் டி. கே. எஸ். சகோதரர்களின் பால சண்முகானந்த சபையிற் சேர்ந்தார். இச்சகோதரர்களோ, சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் நிறுவிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் அவரிடமே பயின்றவர்கள். ஆகவே கலைவாணருக்கு மரபு இரண்டு. ஒன்று நாஞ்சில் நாட்டு வில், மற்றொன்று மதுரை நாடகமேடை. இரண்டுமே சொல்லையும் பாட்டையும் நம்பிய கலைகள்.

ஈண்டு ஒரு செய்தியைக் குறிப்பிடாமல் அப்பாற் செல்ல மனம் ஒப்பவில்லை. தென்னாட்டுப் பேசாப் படங்களுள் இன்று முழுமையை ஒட்டிக் கிடைப்பது 'மார்த்தாண்ட வர்மா' (1933) ஒன்றே. அதனை எடுத்தவர் ஆர். சுந்தர்ராஜ், அவர் நாகர்கோவிலைச் சேர்ந்தவர். பதிப்புரிமை வழக்கில் அகப்பட்டு முடங்கிப்போன அப்படம், 1974இல் பூனாவில் உள்ள தேசியத் திரைப்படக் காப்பகத்தைச் சென்றடைந்தது. முடங்கிக் கிடந்ததனாலேயே அது பிழைத்தது போலும்! ஊர் ஊராக ஓடிப் பணம் ஈட்டிய ஏனைய படங்களோ தேய்ந்தும் எரிந்தும் ஒழிந்தன. பேசாப் படம் உருவான அதே ஊரில் பிறந்த கிருஷ்ணன் அத்துறையின் பக்கமே செல்லவில்லை. அவர் திரைக்கு வந்தது பேச்சு வந்த பின்னரே.

1931 அக்டோபர் 31ஆம் நாள் 'காளிதாஸ்' வெளியாகித் திரை தமிழ் பேசத் தொடங்கியது. 1935இல் டி. கே. எஸ். குழுவினரின் 'மேனகா' படமாயிற்று. கிருஷ்ணனும் அதில் நடித்தார். இயக்கியவர் முன்னர்க் கூறிய ராஜா சாண்டோ. பேசாப் படத்தில் வளர்ந்த ஒருவர் கையாலேயே பேசும் நகைச்சுவை நடிகர் திரைக்கு அறிமுகமானார் என்பது கருதத்தக்கது. அடுத்த ஆண்டில் எஸ். எஸ். வாசனின் கதையை அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன் 'சதி லீலாவதி' என்னும் படமாக இயக்கினார். எம். ஜி. இராமச்சந்திரன், டி. எஸ். பாலையா ஆகியோர் திரைக்கு வந்ததும் அப்படத்தின் வாயிலாகவே. 'மாடர்ன் டைம்ஸ்' வந்த ஆண்டும் 1936 என்பதை நினைவுகூர்க. பேசாப் படத்தின் தலைமகன் உலகிலிருந்து விடைபெற்றுக்கொண்டிருந்த அதே ஆண்டில் தமிழில் சொல்லின் தலைமகன் காலூன்றினார்.

அவ்வாண்டிலேயே 'வசந்தசேனா' படப்பிடிப்புக்குப் பூனா சென்றபோது டி. ஏ. மதுரத்தை அவர் அறிந்தார். பின்னர் இருவரும் வாழ்க்கைத் துணையாயினர். கலைவாணர் கலையை ஆராய்வோர் மதுரத்தை ஒரு துணைப்பாத்திரமாகக் கருதிவிடுதல் பெரும்பிழை. சாப்ளினுடைய நாடோடி தனியன். அவனுக்கு மறுமொழி வேண்டியதில்லை. கலைவாணரின் நகையோ வினாவும் விடையுமாக எழுவது. கேட்பவர் இன்றேல் அது எழாது. வில்லுப்பாட்டில் உடன்பாடுவோர் செய்த தொழிலைத் திரையில் மதுரம் செய்தார். பல இடங்களில் அறிவுடைய விடை அவர் வாயிலிருந்தே வரும்.

படங்களின் பட்டியலை இங்கு நிரப்ப விரும்பவில்லை. 'அம்பிகாபதி' (1937), 'சகுந்தலை' (1940), 'கண்ணகி' (1942), 'மங்கம்மா சபதம்' (1943), 'ஹரிதாஸ்' (1944) ஆகியவற்றைச் சுட்டினால் போதும். கதைக்குப் புறம்பாக நகைச்சுவைப் பகுதியைத் தனியே அமைத்து அவரே நடத்திக்கொள்ளும் வழக்கம் இக்காலத்தே வலுப்பெற்றது. காளிதாசன் சாகுந்தலத்தில் மீனவன் வரும் பகுதி மிகச் சிறியது. 'சகுந்தலை' படத்தில் கலைவாணரும் டி. எஸ். துரைராஜும் அதனைத் தமக்குரிய தனிக்காட்சியாகவே வளர்த்துக்கொண்டனர். கதையோடு ஒட்டாத இப்பகுதிகளைக் குறை கூறுவோர் உளர். அவர் கூறுவது முற்றும் தவறன்று. இவ்வழக்கத்தைப் பின்னாளில் ஆற்றல் குறைந்தோர் மேற்கொண்டபோது கதையும் கெட்டது, நகையும் கெட்டது.

சிறை

1944 நவம்பரில் சென்னையில் இலட்சுமிகாந்தன் என்னும் இதழாளர் குத்தப்பட்டு இறந்தார். திரைத்துறையினரைப் பற்றிப் பழிச்செய்திகளை வெளியிட்டுவந்தவர் அவர். அவ்வழக்கில் எம். கே. தியாகராஜ பாகவதரும் கலைவாணரும் கைது செய்யப்பட்டனர். 1945இல் இருவருக்கும் வாழ்நாள் தண்டனை விதிக்கப்பட்டது. உயர்நீதிமன்றமும் அதனை உறுதி செய்தது. இலண்டன் பிரிவி கவுன்சிலுக்கு முறையிட்டதன் பயனாக வழக்கு மீண்டும் கேட்கப்பட்டு, 1947 ஏப்பிரலில் இருவரும் குற்றமற்றவர் என விடுவிக்கப்பெற்றனர்.

இடைப்பட்ட காலத்தே மதுரம் செய்தது சிறிய செயலன்று. எஸ். வி. சகஸ்ரநாமத்தின் துணையுடன் என். எஸ். கே. நாடக சபையை நடத்தி, வழக்குச் செலவுக்கு வழிதேடினார். அச்சபை நடத்திய 'பைத்தியக்காரன்' 1947இல் படமாகவும் வந்தது. விடுதலையான பின் பாகவதர் பழைய புகழை எட்டவில்லை. கலைவாணரோ முன்னினும் துணிந்த கலைஞராய் வெளிவந்தார். பாகவதரின் புகழ் குரலையும் புராணக் கதையையும் சார்ந்திருந்தது. காலம் அக்கதைகளை விட்டு நகர்ந்துவிட்டது. கலைவாணரின் கலையோ அன்றன்றைய செய்தியை எடுத்துப் பேசுவது. காலம் நகர்ந்தால் அதுவும் உடன் நகரும். இவ்வேறுபாட்டுக்கு இதுவே காரணம் எனக் கொள்ளலாம்.

கிந்தனார்

1949இல் அண்ணாதுரையின் உரையாடலுடன் வந்த 'நல்லதம்பி' படத்தில் இடம்பெற்ற 'கிந்தனார்' காலட்சேபம், கலைவாணர் நகையின் இயல்பை அறிவதற்குச் சாலச் சிறந்த சான்று. கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை காலட்சேப மேடைகளில் பெருவழக்காக இருந்தது. அதன் அமைப்பையும் பாகவதர்கள் கதை சொல்லும் பாங்கையும் அப்படியே எடுத்துக்கொண்டு, தாழ்த்தப்பட்ட குடியில் பிறந்த சிறுவன் படிப்பதற்காகப் பட்டணம் செல்லும் கதையைப் புகுத்தினார். நந்தனார் தில்லைக்குப் போக ஏங்கினார். கிந்தன் பள்ளிக்கூடத்துக்குப் போக ஏங்குகிறான்.

நகை எங்கே பிறக்கின்றது என்று காண்க. கேட்போர் உள்ளத்தில் பழைய கதையும் பழைய இசையும் முன்னரே பதிந்திருக்கின்றன. அடுத்து வரவேண்டிய சொல்லை அவர்கள் எதிர்நோக்குகின்றனர். அவ்விடத்தில் வேறொரு சொல் வந்து விழுகின்றது. மூலத்தை அறியாதவனுக்கு இதிற் பாதி நகை இல்லை. எள்ளப்படுவது யார் என்பதும் கருதற்குரியது. கிந்தன் எள்ளப்படுவதில்லை, அவனைப் படிக்கவிடாத ஊரே எள்ளப்படுகின்றது. மேலோரை எள்ளுதல் சாப்ளினிடமும் உண்டு. ஆனால் அங்கே நாடோடி அடிபட்டு விழுந்த பின்னரே மேலோர் நகைக்கு இடமாவர். இங்கே கதை சொல்பவர் நிமிர்ந்து உட்கார்ந்து, தாளத்தைக் கையில் வைத்துக்கொண்டு எள்ளுகின்றார்.

இவ்வேறுபாட்டுக்கு மற்றுமோர் இணைக்காட்சி உண்டு. 1931 செப்டம்பரில் சாப்ளின் காந்தியடிகளை இலண்டனில் சந்தித்து இயந்திரங்களைப் பற்றி உரையாடினார். பின்னர் வந்த 'மாடர்ன் டைம்ஸ்' படத்தில் தொழிலாளிக்கு உணவூட்டும் இயந்திரம் ஒன்று வருகின்றது. அது பழுதடைந்து நாடோடியின் முகத்தில் உணவை அப்புகின்றது, நாம் சிரிக்கிறோம். உடுமலை நாராயணகவி எழுதிக் கலைவாணரும் மதுரமும் பாடிய பாட்டு ஒன்றில், அறிவியலை வளர்த்தால் பொத்தானைத் தட்டிய அளவில் இட்டிலியும் காப்பியும் வந்து நிற்கும் என்னும் கனவு பேசப்படுகின்றது. அங்கும் நாம் சிரிக்கிறோம். இயந்திரத்தால் அலைக்கழிக்கப்பட்ட நாட்டின் நகை முன்னது. இயந்திரத்தை இன்னும் காணாத நாட்டின் நகை பின்னது. முன்னதைக் காண்பதற்குக் கண் போதும். பின்னதில் காண்பதற்கு ஒன்றுமே இல்லை; இட்டிலி சொல்லில்தான் வருகின்றது.

கலைவாணர் 1951இல் 'மணமகள்', 1952இல் 'பணம்' ஆகிய படங்களை இயக்கினார். காந்தியடிகள் வாழ்க்கையை வில்லுப்பாட்டாகப் பாடினார். கோயிற்கொடைக்கு உரியதாயிருந்த வில் அதனால் நகரமேடை ஏறிற்று. அவருடன் பணியாற்றிய சுப்பு ஆறுமுகம் அக்கலையை 2022இல் தாம் மறையும் வரை வளர்த்தார். ஈட்டியதை எல்லாம் கேட்டவர்க்குக் கொடுத்துக் கையிருப்புக் கரைந்த நிலையில், 1957 ஆகஸ்டு 30ஆம் நாள், நாற்பத்தொன்பது வயது நிரம்பும் முன்னரே கலைவாணர் மறைந்தார். சாப்ளின் அதன்பின் இருபது ஆண்டு சுவிட்சர்லாந்தில் வாழ்ந்து, 1977 கிறித்துமசு நாளன்று மறைந்தார்.

கம்பம் பள்ளத்தாக்கின் பபூன்

கலைவாணரின் நகைக்கு முன்னோர் யார் என அறிய விரும்புவோர் படச்சுருள்களை மட்டும் நாடினால் போதாது. மதுரை நாடகமேடையின் பழைய நெறி இன்றும் வழங்கும் இடங்களுக்குச் செல்லவேண்டும். அவற்றுள் ஒன்று, 1996இல் மதுரை மாவட்டத்திலிருந்து பிரிந்த தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கு. மேற்கு மலைக்கும் வருசநாட்டு மலைக்கும் இடையே முல்லையாறு பாயும் இந்நிலத்தில், சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என ஊர்கள் வயல்களை ஒட்டி நிரையாக அமைந்துள்ளன. வீரபாண்டிக் கௌமாரியம்மன் சித்திரைத் திருவிழா தொடங்கி, ஊர்தோறும் அம்மன் விழாக்கள் நடைபெறும். அத்தகைய விழா இரவுகளில் 'வள்ளி திருமணம்' போன்ற சங்கரதாஸ் சுவாமிகள் நாடகங்களை 'ஸ்பெஷல் நாடகம்' என்னும் பெயரால் நடத்துவது இப்பகுதிகளின் வழக்கம்.

இதன் அமைப்பு விந்தையானது. நடிகர்கள் ஒரே குழுவினர் அல்லர். ஒவ்வொருவரும் அந்த ஓர் இரவுக்கெனத் தனித்தனியே பேசி வரவழைக்கப்படுவர். ஒத்திகை கிடையாது. கதை அனைவருக்கும் பாடம். இரவு பத்து மணி அளவில் ஆர்மோனியமும் மிருதங்கமும் முழங்க முதலில் மேடைக்கு வருபவர் பபூன். வள்ளியும் முருகனும் நாரதரும் வருவதற்கு நெடுநேரம் முன்னரே அவர் அவையைக் கைப்பற்றுகின்றார். பாடுவார், ஊர்ப் பெரியோரை வணங்குவார், அவ்வூர்ச் செய்தியை எடுத்து நகையாடுவார், தம்மையே இகழ்ந்துகொள்வார். பின்னர் நடனப்பெண் வந்ததும் இருவருக்கும் சொற்போர் தொடங்கும். மதுரை வட்டாரத்தில் இந்நாடகங்களை நேரில் ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் சூசன் சீசர் 2005இல் வெளியிட்ட நூலில், இப்பகுதி கதைக்குப் புறம்பானதாகத் தோன்றினும் நாடகத்தின் இன்றியமையா உறுப்பே என்பதனை விரிவாகக் காட்டியுள்ளார்.

பபூன் என்னும் பெயர் மேனாட்டிலிருந்து வந்தது. ஆள் அங்கிருந்து வந்தவர் அல்லர். தெருக்கூத்தின் கட்டியங்காரனும், சிலப்பதிகார உரையிற் பேசப்படும் விதூடகக் கூத்தும் அவருடைய முன்னோர். கதைக்கு உள்ளே ஒரு காலும் வெளியே ஒரு காலுமாக நிற்பதே இம்மரபின் இலக்கணம். கலைவாணரின் தனி நகைச்சுவைப் பகுதிகளை இதனோடு ஒப்பிட்டால், அவை கதையோடு ஒட்டாமல் நின்றதன் காரணம் விளங்கும். மதுரத்தோடு அவர் நடத்தும் வினாவிடை, பபூனும் நடனப்பெண்ணும் நடத்தும் சொற்போரின் திருந்திய வடிவம். திருந்திய வடிவம் என்பதனை அழுத்திச் சொல்கிறோம். மேடைப் பபூனின் பேச்சில் இருபொருள்படும் இழிமொழி மிகுதி. பெண்ணை எள்ளுதலும் மிகுதி. கலைவாணர் அவ்வமைப்பை வைத்துக்கொண்டு உள்ளடக்கத்தை மாற்றினார். பெண்ணின் வாயில் அறிவை வைத்தார். சாப்ளினோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தால் இம்மாற்றம் நம் கண்ணுக்குப் படவே படாது.

சாப்ளினின் மெய்க்கலைக்குத் தமிழில் வழித்தோன்றல் உண்டா என்னும் வினாவுக்கு, ஜே. பி. சந்திரபாபுவையும் நாகேஷையும் சுட்டலாம். 'சர்வர் சுந்தரம்' (1964) படத்தில் நாகேஷின் கைகால்கள் அவர் வாய்க்கு முன்னே பேசிவிடுகின்றன. 1987இல் சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கிக் கமல்ஹாசன் நடித்த 'பேசும் படம்' உரையாடல் ஒன்றுமே இல்லாதது. அதற்கு அப்பெயர் இட்டதே ஒரு நகை. இவர்களைச் சாப்ளின் மரபினர் என்பது பொருந்தும்.

பபூன் ஆராய்ச்சிக்கு உள்ள இடர்ப்பாடு ஒன்றனையும் கூறவேண்டும். 'வள்ளி திருமணம்' அச்சேறி நெடுங்காலம் ஆயிற்று. பாடல்களும் உரையாடலும் நூல்வடிவில் கிடைக்கின்றன. ஆனால் அந்நூலைத் திறந்தால் பபூனுக்குரிய அந்நீண்ட தொடக்கப் பகுதியைக் காண இயலாது. அஃது எழுதப்பட்டதன்று. இன்று சின்னமனூரில் சொன்னது நாளை கூடலூரில் சொல்லப்படுவதில்லை. அவ்வூரின் செய்தி வேறு, அவையும் வேறு.